ஒலியும் ஏவலும்

ஒரு பொருளை ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்கு அனுப்புதற்கு இருவகை நெறிகள் உள்ளன. பொருளையே அனுப்புதல் ஒன்று. அப்பொருளை ஆக்கும் முறையை எழுதி அனுப்புதல் மற்றொன்று. ஆரணியில் நெய்த பட்டுப் புடைவையைப் பெட்டியிலிட்டுச் சென்னைக்கு விடுக்கலாம். அன்றி, அப்புடைவையின் கரையும் முந்தானையும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளில் வகுத்து, அவ்வட்டைக் கட்டினை மட்டும் விடுத்து, ஆங்குள்ள தறியொன்றில் நெய்துகொள்ளுமாறு செய்யலாம். முன்னதிற் செல்வது புடைவை. பின்னதிற் செல்வது ஏவல். இவை இரண்டும் வேறு வேறு என்பதை நெசவாளர் தெருவில் வளரும் சிறுவனும் அறிவான். ஆயினும், இதே வேறுபாடு ஒலியுலகில் வருங்கால் கற்றாரும் மயங்குகின்றனர்.

கீபோர்டு என்றும் சிந்தசைசர் என்றும் மக்கள் வழங்கும் மின் இசைப்பலகை இல்லாத பாட்டுக் குழு இக்காலத்தில் அரிது. கணிப்பொறியோ பல இல்லங்களிலும் புகுந்துவிட்டது. இவ்விரண்டனையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்னும் விருப்பம் இளைஞர் பலர்க்கு எழுகின்றது. கணிப்பொறியின் பின்புறத்தில் எண்ணொலி வாயில் ஒன்று இருப்பதைக் கண்டு, அதனின்று ஒரு கேபிளை இழுத்து இசைப்பலகையிற் செருகிவிட்டால் யாவும் நிறைவேறும் என்று கருதுவோர் பலர். அங்ஙனம் நிறைவேறுவதில்லை. ஏன் நிறைவேறுவதில்லை, எவ்வாறு செய்தால் நிறைவேறும் என்பனவற்றை எளிதில் விளங்குமாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் தமிழ் மாணவர், பொறியியல் கற்றோமல்லோம். எனினும், தறியோசைக்கிடையில் வளர்ந்தவராதலின், தறியையே அளவுகோலாகக் கொண்டு இப்பொருளை அணுகத் துணிந்தோம்.

தறியும் அட்டையும்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஊர். இவ்வூர்ப் பட்டு, புவிசார் குறியீடு பெற்றது. இங்குள்ள தறிகளுட் பலவற்றின் மேல், ஜக்கார்டுப் பெட்டி என்னும் கருவி அமர்ந்திருத்தலைக் காணலாம். அதன் பக்கத்தே, ஒன்றோடொன்று கோத்துத் தைத்த துளையட்டைகள் மாலை போலத் தொங்கும். நெசவாளர் மிதியை ஒருமுறை மிதித்தவுடன் ஓர் அட்டை முன்வந்து நிற்கும். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடு இணைந்த கொக்கி மேலெழும். அக்கொக்கியிற் கட்டிய பாவு நூல்களும் உடன் எழும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்படும், கொக்கி எழாது, பாவு நூல் தாழ்ந்தே கிடக்கும். எழுந்த நூல்களுக்கும் தாழ்ந்த நூல்களுக்கும் இடையே நாடா ஓடி ஊடையைப் பாய்ச்சும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொற்களால் மயிலும் மாங்காயும் யாளியும் கரையிற் பூத்துவிடுகின்றன.

ஜக்கார்டுப் பெட்டி வருவதற்கு முன்னர்த் தென்னாட்டுப் பட்டுத் தறிகளில் ‘அடை’ என்னும் கட்டுமுறை வழங்கிற்று. கோலத்திற்கேற்ப நூல்களைக் கட்டிவைத்து, நெசவாளர்க்குத் துணையாய் அமர்ந்த ஒருவர் ஒவ்வோர் ஊடைக்கும் உரிய நூற்கட்டினை இழுத்துக் கொடுப்பார். அத்துணையாளின் கையும் கருத்துமே அக்காலத்து அட்டை எனலாம். பிரஞ்சு நாட்டு லியோன் நகரத்தவராகிய ஜோசப் மரீ ஜக்கார்டு 1804 ஆம் ஆண்டளவில் தம் பொறியைச் செப்பம் செய்தார். அப்பொறி பரவவே, உதவியாள் செய்த வேலையை அட்டை செய்யத் தொடங்கிற்று. அதனால் வேலை இழப்போம் என்று அந்நகரத்து நெசவாளர் அஞ்சியதும் வெகுண்டதும் வரலாறு.

தறிக்கும் இசைக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. ஜக்கார்டுக்கு முன்னரே, 1745-இல் தானே இயங்கும் தறியொன்றை அமைக்க முயன்ற வோகான்சன் என்பவர், 1738-இல் பாரிசு நகரில் குழலூதும் பொறிப்பாவை ஒன்றைக் காட்டி மக்களை வியக்கச் செய்தவர். பின்னர், ஆங்கில நாட்டுச் சார்லஸ் பாபேஜ் தாம் கருதிய பகுப்புப் பொறிக்கு ஜக்கார்டு அட்டைகளையே ஏவற்கருவியாகத் தேர்ந்தார். 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் பொறியைப்பற்றி 1843-இல் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ் என்னும் அம்மையார், ஒலிகளுக்கிடையே உள்ள உறவுகளை எண்களால் வகுத்துரைக்கக் கூடுமாயின் அப்பொறி இசையும் ஆக்கும் என்று கருதினார். 1892-இல் பாரிசிலிருந்த காவியோலி நிறுவனத்தார், மடிப்பு மடிப்பான துளையட்டைகளைக் கொண்டு இயங்கும் ஆர்கன் ஒன்றை அமைத்தனர். தறியின் அட்டை இவ்வாறு இசைக்கருவியிற் புகுந்தது. ஆதலின், கணிப்பொறியும் இசைப்பலகையும் தறியின் இரு கிளை வழித்தோன்றல்கள் என்று கூறுதல் மிகையாகாது.

எண்ணொலி யாது?

இனி, எண்ணொலி என்பதன் இயல்பை நோக்குவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வினை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகின்றது. அம்மின்னலை ஏறியும் இறங்கியும் இடையறாது ஓடும் இயல்பினது. அதனை மிகச் சிறிய இடைவெளிதோறும் அளந்து, அவ்வளவுகளை எண்களாக எழுதிவைத்தால் அவ்வெண்வரிசையே எண்ணொலியாகும். 1982-இல் சோனி, பிலிப்ஸ் என்னும் இரு நிறுவனத்தாரும் வெளியிட்ட குறுந்தகட்டில், ஒரு நொடிக்கு 44,100 முறை இவ்வளவெடுப்பு நிகழ்கின்றது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பெறும். மனிதர் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே உணர வல்லது. ஓர் அதிர்வைப் பிழையின்றிக் குறிக்க அதன் இரு மடங்கிற்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும். 44,100 என்னும் எண் இதற்குப் போதுமானது.

ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால் எழுதப்பெறும். இடம், வலம் என ஒலிவழிகள் இரண்டு. ஆகவே ஒரு நொடி ஒலிக்கு 14,11,200 பிட்டுகள் வேண்டும். நான்கு நிமிடப் பாடல் ஒன்றனுக்கு 4 கோடியே 23 லட்சத்து 36 ஆயிரம் பைட்டுகள் ஆகும். இதனுள் பாடகர் குரலும், குழலும், மத்தளமும், அரங்கின் எதிரொலியும், ஏன், பாடகர் மூச்சு வாங்கும் ஓசையுங்கூட அடங்கியிருக்கும். ஆயினும், ‘இங்கே காந்தாரம் ஒலித்தது’ என்னும் செய்தி அதனுள் யாண்டும் எழுதப்பட்டிலது. நெய்து முடிந்த புடைவையைப் போல்வது அது. புடைவையைக் கண்டு கோலத்தை நாம் அறியலாம். ஆனால் புடைவையைத் தறியின் மேல் ஏற்றிவைத்து ‘இதனை நெய்க’ என்றால் தறி நெய்யாது.

எண்ணொலி செல்லும் வாயில்

கணிப்பொறியினின்று எண்ணொலியை வெளிக்கொணர்தற்குரிய வாயில்களுள் ஒன்று எஸ்.பி.டி.ஐ.எப். எனப்படும். சோனி, பிலிப்ஸ் என்னும் பெயர்களின் முதலெழுத்துகள் அதன் தொடக்கத்தில் நிற்கின்றன. இஃது இருவகைப்படும். முதலாவது, மின்கம்பி வழிச் செல்வது, வட்டமான ஆர்.சி.ஏ. துளையுடையது, பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத்தது. இரண்டாவது, ஒளி வழிச் செல்வது, சதுர வடிவினது, சிறு கதவுடையது, திறந்து நோக்கினால் உள்ளே செவ்வொளி தோன்றும். இவ்வொளி வாயில் 1983-இல் தோஷிபா நிறுவனத்தாரால் கொண்டுவரப்பட்டமையின் டாஸ்லிங்க் எனப் பெயர் பெற்றது. ஒளி வழியின் நன்மை ஒன்று உண்டு: இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பு இன்மையால், ஒன்றன் மின்னிரைச்சல் மற்றொன்றிற் புகாது. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் இவ்விரண்டு வாயில்களும் இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வாயிலினின்று வருவது எண்களின் ஓட்டமேயன்றிச் செவியாற் கேட்டற்குரிய அலையன்று. அவ்வெண்களை மீண்டும் மின்னலையாக மாற்றுதற்கு மாற்றி ஒன்று இன்றியமையாதது. அதனைக் கடைகளில் டி.ஏ.சி. என்பர். அம்மாற்றியின் ஒருபுறம் ஒளிக் கேபிளோ செம்மஞ்சள் கேபிளோ புகும். மறுபுறம் சிவப்பும் வெள்ளையுமான இரு துளைகள் வழியே மின்னலை வெளிப்படும். இவ்வலையே இசைப்பலகையின் ‘ஆக்ஸ் இன்’ என்னும் துளையிற் செல்லத் தக்கது. இவ்விடத்து ஒரு நுட்பமும் உண்டு. கணிப்பொறி, திரைப்படங்களின் பல்வழி ஒலியைச் சுருக்கி அனுப்புமாறு அமைக்கப்பட்டிருப்பின், எளிய மாற்றி அதனைப் புரிந்துகொள்ளாது. ஆகவே கணிப்பொறியின் ஒலியமைப்பில் பி.சி.எம். என்பதைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் எம் ஊரில் நிகழ்ந்ததொன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். தறி நெய்யும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் நால்வர், திருமண வீடுகளில் பாடுதற்கென ஒரு குழு அமைத்தனர். நெசவுக் கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் பழைய இசைப்பலகை ஒன்றை வாங்கினர். கணிப்பொறியிலுள்ள பின்னணி இசை, இசைப்பலகையின் ஒலிபெருக்கி வழியே வரவேண்டும் என்பது அவர்தம் விருப்பம். கடைக்காரர் ஒருவர் கொடுத்த கேபிளின் ஒரு முனையைக் கணிப்பொறியின் செம்மஞ்சள் துளையிலும், மறு முனையை இசைப்பலகையின் துளையிலும் செருகினர். முனை நன்றாகவே பொருந்திற்று, ஒலியோ எழவில்லை. ஒலியளவைப் பெருக்கிய பொழுது மெல்லிய இரைச்சலே கேட்டது. வந்து பார்த்த ஒருவர், ‘கருவி பழுதாயிற்று, வந்த விலைக்கு விற்றுவிடுங்கள்’ என்று கூறிச் சென்றார். அவர்களும் விற்கத் துணிந்துவிட்டனர். விற்றிருப்பின் பல மாதச் சேமிப்பு வீணாகியிருக்கும், குழுவும் கலைந்திருக்கும்.

கருவியிற் பழுது யாதும் இல்லை. துளையின் வடிவு ஒன்றாயிருப்பினும் அதன் வழிச் செல்லும் பொருள் வேறு என்பதே உண்மை. செம்மஞ்சள் துளையினின்று நொடிக்கு 28 லட்சத்திற்கு மேற்பட்ட பிட்டுகள் பாய்கின்றன. இசைப்பலகையின் துளையோ செவியுணர் அலையை மட்டுமே எதிர்பார்க்கின்றது. முடிவில், அதே கணிப்பொறியின் முன்புறத்தில் ஹெட்போன் மாட்டும் துளையினின்று எளிய கம்பி ஒன்றை இசைப்பலகைக்கு இட்டவுடன் பாட்டு எழுந்தது. ஏனெனின், ஹெட்போன் துளைக்குப் பின்னே மாற்றி ஒன்று கணிப்பொறிக்குள்ளேயே அமைந்துள்ளது. எண்ணொலி வாயிலை நாடவே வேண்டாதிருந்தது.

ஏவல் செல்லும் வாயில்

இனி மற்றை நெறியைக் காண்போம். கணிப்பொறி ஒலியை அனுப்பாது, ‘இக்கட்டையை அழுத்துக, இவ்வளவு விரைவாக அழுத்துக, இப்பொழுது விடுக’ என்று ஏவலை மட்டும் அனுப்ப, இசைப்பலகை தன் குரலால் தானே பாடும் நெறி இது. இதற்கு மிடி என்று பெயர். மிடி என்பது தமிழில் வறுமையைக் குறிக்கும் சொல். இம்மிடியோ எளிய இசைக்குழுக்களின் மிடியைத் தீர்க்க வந்தது போலும்!

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இசைப்பலகை செய்வோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் இணைப்பு முறையை வைத்திருந்தனர். ஒரு நிறுவனத்தார் கருவி மற்றொரு நிறுவனத்தார் கருவியோடு பேசாது. அமெரிக்க நாட்டு டேவ் ஸ்மித், ஜப்பான் நாட்டு ரோலண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த இகுதாரோ காகேஹாஷி ஆகியோர் முன்னின்று பொதுமொழி ஒன்றை வகுத்தனர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் காட்சியில், போட்டி நிறுவனங்கள் இரண்டன் இசைப்பலகைகள் ஒரு கேபிளால் இணைக்கப்பெற்றன. ஒன்றில் அழுத்த மற்றொன்றும் ஒலித்தது. முப்பதாண்டு கழிந்து, 2013-இல் அவ்விருவர்க்கும் கிராமி அமைப்பின் தொழில்நுட்பப் பரிசு வழங்கப்பெற்றது.

மிடியின் மொழி மிகச் சுருங்கியது. நடுக் கட்டையை அழுத்துக என்பதற்கு 144, 60, 100 என்னும் மூன்று எண்களே போதும். 144 என்பது முதல் வழியில் ஒலி தொடங்குக என்னும் ஏவல்; 60 என்பது கட்டையின் எண்; 100 என்பது அழுத்தும் விரைவு. கட்டைகளின் எண்ணும் விரைவின் அளவும் 127-க்கு மேற்படா. ஒலியை நிறுத்துதற்கு மற்றும் ஒரு மூன்றெண் ஏவல். ஆகவே ஒரு சுரத்திற்கு ஆறு பைட்டுகள். ஒரு பாட்டில் 2,000 சுரங்கள் இருப்பின் 12,000 பைட்டுகளில் முழுப்பாட்டும் அடங்கும். காலக் குறிப்புகளைச் சேர்த்தாலும் சிறிதே பெருகும். மேலே கூறிய நாலு கோடியோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. புடைவையின் எடைக்கும் கோலத்தை எழுதிய தாளின் எடைக்கும் உள்ள வேறுபாடே ஈண்டும் காணப்படுகின்றது.

பழைய மிடிக் கேபிள் ஐந்து ஊசிகள் அமைந்த வட்ட முனையுடையது. அதன் வழி நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும். குறுந்தகட்டு ஒலியின் ஓட்டத்தில் ஏறத்தாழ 45-இல் ஒரு பங்கு இது. எனினும் ஓர் ஏவல் போய்ச் சேர ஆயிரத்தில் ஒரு நொடிப் பொழுதே செல்கின்றது. விரலுக்கு இது மிக விரைவு. ஏவலைப் பெறும் கருவியின் வாயிலில் சிறு ஒளிவிளக்கும் ஒளியுணரியும் அமைந்துள்ளன. ஏவல் ஒளியாகத் தாவிச் செல்வதனால், ஒரு கருவியின் மின்னிரைச்சல் மற்றொன்றிற் புகுதல் தடுக்கப்படுகின்றது. ஒரே கேபிளில் 16 வழிகள் உண்டு. ஒன்றில் குழலும், ஒன்றில் வயலினும், ஒன்றில் தாளமும் எனப் பகுத்து ஏவலாம். 1991-இல் வகுத்த பொது மிடி அட்டவணையில் 128 கருவிகள் எண்ணிட்டு வரிசைப்படுத்தப்பட்டன. அதில் சித்தார் 105 ஆம் எண் பெற்றது. ஷெனாய் 112 ஆம் எண் பெற்றது. நம் நாகசுரத்திற்கும் வீணைக்கும் அவ்வட்டவணையில் இடமில்லை.

தமிழ்நாட்டில் இந்நெறி விரைவிற் புகுந்தது. 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ என்னும் படத்தின் இசையமைப்பில் இளையராஜா அவர்கள் கணிப்பொறியின் துணையைப் பெற்றார். 1989-இல் ஏ. ஆர். ரகுமான் அவர்கள் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தார். 1992-இல் வந்த ‘ரோஜா’வின் பாடல்களால் அக்கூடம் நாடறிந்ததாயிற்று. கணிப்பொறியையும் இசைப்பலகையையும் இணைத்துப் பழகும் எம்மனோர் யாவரும் அவர்கள் திறந்த வழியிலேயே நடக்கின்றோம்.

இணைக்கும் முறை

இவற்றை உளங்கொண்டால் இணைப்பு எளிதாகும். இணைக்க விழைவோர், ‘யாம் வேண்டுவது ஒலியையோ, ஏவலையோ?’ என்று முதலில் தம்மைத் தாமே வினவிக் கொள்ளல் வேண்டும்.

கணிப்பொறியில் உள்ள பாட்டு, இசைப்பலகையின் ஒலிபெருக்கி வழியே கேட்டல் வேண்டுமாயின், வேண்டுவது ஒலி. இசைப்பலகையில் ‘ஆக்ஸ் இன்’ என்னும் துளை உள்ளதா என்று நோக்குக. இருப்பின், கணிப்பொறியின் ஹெட்போன் துளையினின்று ஒரு கம்பியே போதும். ஹெட்போன் துளை பழுதுற்றோ, கேட்குங்கால் மின்னிரைச்சல் மிகுந்தோ இருப்பின், ஒளி வாயிலினின்று மாற்றி வழியே வருதல் நன்று. பெரிய சிந்தசைசர்கள் பலவற்றில் ஒலி வெளிச்செல்லும் துளைகளே உள்ளன. உட்புகும் துளை இல்லை. அத்தகையவற்றில் ஒலியைப் புகுத்த முயலுதல் வீண். சிறு கலப்புக் கருவி ஒன்றில் இரண்டனையும் தனித்தனியே சேர்த்து, அதனின்று ஒலிபெருக்கிக்குக் கொண்டு செல்க. எண்ணொலியை நேரே ஏற்கும் வாயில் உடைய இசைப்பலகைகள் மிகச் சில. அத்தகையது ஒன்று வாய்ப்பின், இரு கருவிகளும் நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் அளவெடுக்குமாறு அமைத்தல் வேண்டும். இல்லையேல் இடையிடையே வெடிப்பொலி எழும்.

கணிப்பொறி இசைப்பலகையை வாசித்தல் வேண்டுமாயினும், இசைப்பலகையில் வாசித்ததைக் கணிப்பொறி குறித்துக் கொள்ளல் வேண்டுமாயினும், வேண்டுவது ஏவல். இசைப்பலகையின் பின்புறத்தில் சதுரமான யு.எஸ்.பி. துளை இருப்பின், அச்சுப்பொறிக்கு இடும் கேபிளே இதற்கும் பொருந்தும். ஏவல் இருபாலும் அதன் வழியே செல்லும். ஐந்தூசி வாயில் மட்டும் உள்ளதாயின், யு.எஸ்.பி.யை மிடியாக்கும் இடைக்கருவி ஒன்று வேண்டும். அங்கு ‘அவுட்’ என்பது ‘இன்’ என்பதோடு சேர்தல் வேண்டும். ஒருவர் வாய் மற்றொருவர் செவியை நோக்குவது போல. அவுட்டை அவுட்டோடு சேர்த்தால் இருவரும் பேசுவர், கேட்பார் இலர். அழுத்திய சுரம் ஒவ்வொன்றும் இரட்டித்துக் கேட்குமாயின், ஏவல் கணிப்பொறிக்குச் சென்று மீண்டு வருகின்றது என்பது கருத்து. இசைப்பலகையில் ‘லோக்கல்’ என்னும் அமைப்பை நிறுத்தினால் குறை தீரும்.

கணிப்பொறியின் குரலை இசைப்பலகையால் இயக்குவோர்க்குச் சிறு தாமதம் தோன்றக்கூடும். கணிப்பொறி ஒருமுறைக்கு 512 அளவுகளைச் சேர்த்துவைத்து அனுப்புமாயின், அதனால் நேரும் தாமதம் ஆயிரத்தில் 12 நொடி அளவினது. காற்றில் ஒலி ஏறத்தாழ நான்கு மீட்டர் தொலைவு செல்லும் காலம் அஃது. மேடையின் மறுகோடியில் நிற்கும் மிருதங்கத்தைக் கேட்டு வாசிப்பவர்க்கு இத்தாமதம் பழகியதே. இதனினும் மிகின், சேர்த்துவைக்கும் அளவைக் குறைத்துக் கொள்க. எவ்வகை இணைப்பாயினும், ஒலியளவைத் தாழ்த்திக் கருவிகளை நிறுத்தி, கேபிளைச் செருகிய பின்னரே அவற்றை இயக்குதல் முறை.

கமகமும் ஏவலும்

ஏவல் நெறி சுருங்கியது, எளியது, மலிவானது என்றோம். அதனாற் சொல்ல இயலாதனவும் உள. நம் இசைக்கு உயிர் கமகம். சுரம் நின்ற இடத்தில் நில்லாது, அசைந்தும் வழுக்கியும் அண்டைச் சுரத்தைத் தொட்டும் மீள்வது. மிடியின் கட்டை எண்ணோ ஒரு தானத்திற்குப் பன்னிரண்டு என வரையறுத்தது. பன்னிரண்டிற்கு அப்பாலும் நுண்சுருதிகள் உள என்பது பற்றியே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில் விரிவாக ஆராய்ந்தார். கட்டைகளால் இயங்கும் ஆர்மோனியம் நம் இசைக்கு ஒவ்வாது என்று கருதி, 1940-இல் அகில இந்திய வானொலியார் அதனை விலக்கினர். 1971-இலேயே அவ்விலக்குத் தளர்ந்தது. இன்றைய இசைப்பலகை அவ்வார்மோனியத்தின் உறவினதே.

இக்குறையைத் தீர்க்க மிடியில் ஒரு வழி உண்டு. சுரத்தை வளைக்கும் ஏவல் ஒன்று 16,384 படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இசைப்பலகையின் இடப்புறத்துச் சக்கரத்தைத் திருப்பினால் இவ்வேவலே செல்கின்றது. பயிற்சியுடையார் அதனால் கமகத்தின் சாயலைக் கொணர்வர். ஆயினும், வளைப்பு ஒரு வழியில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் ஒருசேர வளைக்கும். ஒன்றை அசைத்து மற்றொன்றை நிலைநிறுத்த இயலாது. 2020-இல் வெளிவந்த மிடியின் இரண்டாம் பதிப்பு, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடந்தருகின்றது. ஓர் ஓதுவாரின் பதிகத்தையோ, நாகசுரக் கலைஞரின் தோடி ஆலாபனையையோ காத்துவைக்க விழைவோர் ஏவலை நம்பலாகாது. ஒலியையே பதிவு செய்தல் வேண்டும். பாட்டின் எலும்பைக் கற்பிக்கவும், குழுவினர்க்குப் பயிற்சி தரவும், சுருதியை வேண்டியவாறு உயர்த்தவும் தாழ்த்தவும் ஏவலே சிறந்தது. எண்ணொலியின் வேகத்தை மாற்றினால் அதன் சாயல் திரியும். ஏவலின் வேகத்தை எவ்வளவு மாற்றினும் குரல் திரியாது.

இன்னும் ஒன்று. அட்டை வந்தமையால் அடையை இழுத்த துணையாளின் இடம் போயிற்று என்று மேலே கூறினோம். கணிப்பொறி வந்தமையால் மிருதங்கமும் தபலாவும் வாசிப்போர் இடம் போகுமோ என்னும் அச்சம் எம் ஊர் இசைக்குழுக்களிலும் உண்டு. அவ்வச்சம் பொருளற்றது என்று யாம் கூறமாட்டோம். நால்வர் வாசித்த இடத்தில் ஒருவரும் ஒரு கணிப்பொறியும் போதும் என்று அழைப்போர் எண்ணுங்கால், மற்றை மூவர் வீட்டில் உலை வையாது போகும். ஆனால் அட்டை கோலத்தைத் தானே எண்ணியதில்லை என்பதையும் தறி நமக்குக் காட்டுகின்றது. கோலத்தைக் கட்டம் கட்டமாக வரைந்தவர் ஒருவர், துளையிட்டவர் ஒருவர், அறுந்த இழையைக் கண்டு நிறுத்திப் பிணைத்தவர் ஒருவர். ஏவலைப் பிறப்பிக்கும் அறிவு மனிதர்பாலதே. மேற்கூறிய இளைஞர் நால்வரும், தபலா வாசிப்பவரை நீக்காது, தம்மிடத்து இல்லாத வயலினையும் குழலையும் மட்டுமே கணிப்பொறியின்பால் ஒப்படைத்தனர். அவர்கள் செய்தது தக்கதென்றே எமக்குத் தோன்றுகின்றது.

ஆகவே நண்பர்காள், கேபிளின் முனை துளையிற் பொருந்துகின்றதா என்பதை மட்டும் நோக்காதீர். அதன் வழிச் செல்வது புடைவையோ, அட்டையோ என்று முன்னர்த் தெளிமின். அத்தெளிவு இருப்பின், பழுதற்ற கருவியைப் பழுதென்று விற்கவும் வேண்டா. வேண்டாத கருவிக்குக் கூலிப் பணத்தைச் செலவிடவும் வேண்டா. கையிலுள்ள எளிய கம்பி ஒன்றே பலகாலும் போதுமானதாயிருக்கும்.